மணமகள் அறையில் மிளகு

பூனைக்குப் பால் பிடிக்கும் என்பது உண்மை. பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளும் என்பது பொய். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மனித குலம் பூனைக் குலத்துக்கு இழைத்துவந்திருக்கும் தீங்கை யாராவது ஒருநாள் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும், அது நானாக இருக்காது, எனக்கு இடுப்பு வலிக்கிறது, இந்த நாற்காலி கல்யாணச் சாப்பாட்டுக்காகச் செய்தது, சாப்பிட்டவுடன் எழுந்துவிட வேண்டும் என்பதுதான் இதைச் செய்தவனின் எண்ணம். குட்டியாக இருக்கும்வரை பாலைச் செரிக்கும் சரக்கு பூனையின் குடலில் இருக்கிறது, வளர வளரப் பெரும்பாலான பூனைகளுக்கு அது வற்றிவிடுகிறது, அதற்குப் பின்னும் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுகிறவர்கள் பாசத்தைக் கொடுப்பதாக நினைத்து வயிற்றுப்போக்கைக் கொடுக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த காட்டுப்பூனைக்குக் கீழே ஒட்டும் குறிப்பில் இதை நான் எழுதினேன், என் வேலையே அதுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வது, ஆனால் அப்போதிருந்த காப்பாட்சியர் படித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மனசு கஷ்டப்படும் சிதம்பரநாதன் என்று அந்த வரியை அடித்துவிட்டார். செத்து வைக்கோல் திணித்த பூனையைப் பார்த்து வராத கஷ்டம் அந்த வரியைப் படித்து வந்துவிடுமாம். தயிராக இருந்தால் கொஞ்சம் தேவலை, புளிக்கும்போது பாலிலுள்ள சர்க்கரை பாதி போய்விடுகிறது, அதனால் பூனைக்குத் தயிர், தயிரைப் பற்றி எதற்கு இப்போது. தயிர் வேண்டாம். மண்டபத்தைப் பார்.

மண்டபத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றுகிறது, யாரோடு சிரிப்பது. ஆடி மாதம் திருச்சியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, மார்கழியிலும் இல்லை, ஆகவே உறையூரின் இந்தச் சின்ன மண்டபத்தை அதன் முதலாளி அந்த இரண்டு மாதங்களும் பிராணிகள் நல அறக்கட்டளைக்கு வாடகையில்லாமல் விட்டுவிடுகிறார், அவர்கள் இதில் ஏழை எளியவர்களின் நாய்க்கும் பூனைக்கும் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்கிறார்கள். அறுவை நடப்பது மணமகள் அறையில். ஏசி, சலவைக்கல் தரை, உள்ளேயே தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, மணமகன் அறையில் ஒரு மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது என்கிறார்கள், இதில் சமூகம் பற்றி ஏதோ இருக்கிறது, யோசிக்கச் சோம்பலாக இருக்கிறது. கதவின் மேல் மணமகள் அறை என்ற பித்தளைப் பலகை அப்படியே இருக்கிறது. மேடையின் பின்சுவரில் ஆனியில் நடந்த ஏதோ கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள், மாப்பிள்ளை பெயர் முழுசாக, பெண்ணின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும். அறுவை முடிந்தவை சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி போட்டதுபோல் வரிசையாகக் கிடக்கின்றன, அடியில் இலைக்கு விரிக்கும் அதே வெள்ளைக் காகிதச் சுருள். பழைய சாம்பார் வாசனையின் மேல் டெட்டால் வாசனை. இன்றுதான் கடைசி நாள், இன்று விட்டால் மார்கழி. காலையில் மேஜையில் உட்கார்ந்திருந்த ஷகிலா என்ற பெண் தலை நிமிராமல் கேட்டாள், "பேரு?" சிதம்பரநாதன் என்றேன். "உங்க பேரு இல்ல சார், பூனை பேரு." மிளகு. உடம்பெல்லாம் வெள்ளை, நடுவில் ஏழெட்டுக் கரும்புள்ளி, தயிர்ச்சாதத்தில் மிளகு போட்டதுபோல் இருக்கிறது என்று என் மனைவி திலகவதிதான், மறுபடியும் தயிர். "ராத்திரியிலருந்து ஏதாவது சாப்பிட்டுச்சா?" இல்லை என்றேன். "தண்ணி?" அதுவும் இல்லை. ரொம்பத் தெளிவாகச் சொன்னேன், தேவைக்கு மேலே கொஞ்சம் தெளிவாக. "நல்லாப் பாத்துக்குங்க சார், வயித்துல எதனா இருந்தா மயக்கத்துல மேல வந்து மூச்சுல ஏறிடும், போன வாரம் ஒரு நாய் போயிடுச்சு, அவங்க வீட்ல பிஸ்கட் குடுத்துட்டு வந்து இல்லன்னுட்டாங்க." எனக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லாமல் இருக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

இரண்டு பிளாஸ்டிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டியிருக்கிறேன், அதற்குள் மிளகு இருக்கிறாள், கூடையின் ஓட்டைகள் வழியே அவளைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிகிறது, ஒரு ஓட்டையில் காது, ஒரு ஓட்டையில் கண், ஒன்றில் மூக்கு. அந்த மூக்கருகே இருப்பது என்ன. பக்கத்து நாற்காலியில் பிலோமினா என்று ஒரு அம்மாள், பொன்மலையில் இட்லிக்கடை, காலடியில் செம்பழுப்பு நாட்டு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. "ஜிம்மி சார் இது. பொட்டைக்கா ஜிம்மின்னு கேக்காதீங்க, பேரு வெச்சப்புறம்தான் பாத்தோம்." நான் கேட்கவில்லை. "உங்களுது ஈடு போட்டிருக்கா?" இல்லை, முதல் வருஷம். "அய்யோ, ஒரு ஈடாவது போட விட்டிருக்கலாம்ல சார். ஒரு தடவையாவது பெத்தாத்தான் அதுக்கு ஒடம்பு நல்லாருக்கும்." அது தவறான நம்பிக்கை, குட்டி போடாமலே செய்துவிடுவதுதான் உடம்புக்கு நல்லது, மார்பில் கட்டி வரும் வாய்ப்புக் குறையும் என்று ஆரம்பித்தேன், முதற்கண் என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். பிலோமினா என்னைக் கடைசிவரை பேசவிட்டாள். பிறகு, "ஒங்களுக்கு எத்தினி பிள்ளைங்க சார்?" என்றாள். இல்லை என்றேன். "ம்," என்றாள். அது வெற்றியின் ம் அல்ல. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "ஜிம்மி நாலு ஈடு போட்டா, ஒண்ணும் தங்கல சார், லாரில, தண்ணில, இன்னொண்ண யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க, அவ தேடுறதப் பாக்க முடியல, அதான் வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு ஜிம்மியின் காதை முறுக்கினாள், "என்னடி, கல்யாண மண்டபம் பாத்துக்க, ஒனக்கு இதுதான் கல்யாணம்." ஜிம்மி அவள் கையை நக்கியது.

நக்கியதா. மிளகு வண்டியில் வரும்போது நக்கிக்கொண்டே வந்தாள். ஆட்டோவில் கூடை என் மடியில் இருந்தது, பாலக்கரை மேம்பாலத்தில் ஏறும்போது ஓட்டை வழியாக அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது, அதில் ஒரு புளிப்பு. பூனையின் வாய் மீன் நாற்றம் நாறும், பட்டினி கிடந்த பூனையின் வாய் வேறு விதமாக நாறும், புளிப்பு என்பது, ஆட்டோக்காரர் காலையில் பழைய சோறு சாப்பிட்டிருக்கலாம். அவருடைய முதுகு என் பக்கம் இருந்தது, மூச்சு எப்படி வரும், காற்று எதிரே அடித்தது, ஆடி மாதக் காற்று, வரலாம். மூக்கருகே வெள்ளையாக இருக்கிறது என்றால் அவள் முகமே வெள்ளைதான், வெள்ளை மயிரில் வெள்ளைத் தயிரை எந்தக் கண் பிரித்துப் பார்க்கும், கறுப்புப் பூனையாக இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும், இந்தக் கவலை வந்திருக்காது அல்லது சரியாக வந்திருக்கும். ஆனால் திலகவதி வாசலில் நின்றாளே. நான் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து வந்தாள், ஒரு கை முந்தானைக்குள் இருந்தது, இருங்க நான் ஒரு தடவை பாத்துக்கறேன் என்று கயிற்றைத் தளர்த்தி உள்ளே கைவிட்டாள், நான் செருப்பைத் தேடினேன், ஒரு செருப்பு எப்போதும் நிலைக்கதவின் பின்னால் போய்விடுகிறது, நான் நிமிர்ந்தபோது அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரமான விரல். அழுதிருக்கலாம், கண்ணைத் துடைத்த விரலாக இருக்கலாம். திலகவதி அழுதால் துண்டால்தான் துடைப்பாள்.

எங்கள் வீட்டிலிருந்து யார் எதற்குக் கிளம்பினாலும் படியில் வைத்து ஒரு கரண்டித் தயிர், நடுவில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை. மற்றவர்கள் பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் மட்டும் கொடுப்பார்கள், திலகவதி நான் ரேஷன் கடைக்குப் போனாலும் முடிவெட்டப் போனாலும் கொடுப்பாள், ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் படியிறங்கும்போது நீட்டிவிட்டாள், அவரும் என்ன ஏதென்று கேட்காமல் வாயைத் திறந்தார், அரசு ஊழியர். இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை திலகா, வெயில் ஊரில் கிளம்புமுன் வயிறு குளிரட்டும் என்று யாரோ ஆரம்பித்தது, நீ அதை மந்திரமாக்கிவிட்டாய் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன், சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பேன். அந்தக் குளிர்ச்சி தொண்டையில் இறங்கும்போது தெரு கொஞ்சம் நல்ல தெருவாகத் தெரியும், அதற்கும் ஆதாரம் இல்லை. நேற்று ராத்திரி அவளை உட்காரவைத்துச் சொன்னேன், மிளகுக்கு இனிமேல் சோறு கிடையாது, மீன் கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. சரிங்க என்றாள், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டாள். தயிர் கிடையாது என்று நான் சொல்லவில்லை. காட்சிப் பெட்டிக்கு முன்னால் கையை உள்ளே விடாதீர்கள் என்று எழுதிவைப்போம், மூக்கை விடாதீர்கள் என்று எழுதமாட்டோம், எவனாவது ஒருவன் மூக்கை விடுவான்.

சொன்னால் என்ன ஆகும். சொன்னால் திருப்பி அனுப்புவார்கள், இது கடைசி நாள், அடுத்தது மார்கழி, அதற்குள் எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்த மஞ்சள் கடுவன் பூனை காரியத்தை முடித்துவிடும், ஒரு காது கிழிந்தது, கழுத்து தடித்தது, ராத்திரி முழுக்க என் ஜன்னலைப் பார்த்துப் பாடுகிறது, மிளகு உள்ளேயிருந்து பதில் பாடுகிறாள், அந்தச் சத்தத்தை இதற்குமுன் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், குழந்தை அழுவதுபோலவே இருக்கும், திலகவதி எழுந்து கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். குட்டிகள் வந்தால் அவளால் ஒன்றையும் யாருக்கும் கொடுக்க முடியாது, கொடுக்காமல் வைத்துக்கொள்ளவும் இரண்டு அறை வீட்டில் முடியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒரு கரண்டி, அதிலும் பாதி கூடையில் சிந்தியிருக்கும், ஒரு கரண்டியால் ஒன்றும் ஆகாது, எத்தனையோ பேர் கொடுத்துவிட்டு வந்து இல்லை என்று சொல்லியிருப்பார்கள், அவையும் பிழைத்துத்தான் போயிருக்கும், பிஸ்கட் கெட்டி, தயிர் நீர், நீர் சுலபமாக இறங்கிவிடும், சுலபமாக இறங்குவது சுலபமாக ஏறவும் செய்யும். கொடுத்தாள் என்பதே உறுதியில்லை. உறுதியில்லாததை வெளியிடக்கூடாது என்பது என் தொழில் ஒழுக்கம், அந்த ஒழுக்கம் இப்போது என் கோழைத்தனத்துக்குக் குடை பிடிக்கிறது. பாடம் செய்த பூனைக்கு வாயில் பஞ்சு வைப்பார்கள், கண்ணுக்குக் கண்ணாடி உருண்டை, நிறம் எப்போதும் தப்பாகத்தான் அமையும், மிளகின் கண் என்ன நிறம், பச்சையா, ஓட்டை வழியாகப் பார்க்கிறேன், பச்சை இல்லை, நெல்லிக்காயை வெயிலில் வைத்துப் பார்த்த நிறம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை உதட்டை நக்குகிறாள்.

திலகவதி இன்று வரமாட்டேன் என்றாள், நான் ஏன் என்று கேட்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள், அங்கேயும் இப்படித்தான் ஒரு நாற்காலி, அது இரும்பு, அங்கேயும் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடக்கூடாது. காலையில் கிளம்பும்போது அவள் சமையலறைக்குப் போனாள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், தயிர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது, பிறகு மூடிவிட்டு வந்தாள். வாங்க போலாம் என்றாள். அந்தக் கதவு மூடிய சத்தம் ரப்பர் சத்தம், பொத் என்று. அது எதற்கு இப்போது கேட்கிறது. மணமகள் அறையின் கதவும் அதே சத்தம்தான் போடுகிறது, குளிர் வெளியே போகாமலிருக்க ஓரத்தில் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான், அந்தக் கதவுதான் இப்போது திறந்து ஷகிலா தலையை நீட்டுகிறாள்.

"ஜிம்மி பிலோமினா உள்ள வாங்க. அடுத்து மிளகு சிதம்பரநாதன், ரெடியா இருங்க."

என் பெயர் பூனைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மண்டபம் முழுக்கப் போய்வந்தது. பிலோமினா எழுந்தாள், ஜிம்மி எழவில்லை, தூக்கிக்கொண்டாள், "வரேன் சார், ஒங்க பூனைக்கு ஒண்ணும் ஆவாது," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் ஆகாது என்று மற்றவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அந்த வாக்கியத்தில் எவ்வளவு ஓட்டை என்று தெரிந்தது. கைபேசியை எடுத்தேன்.

"முடிஞ்சுருச்சாங்க?"

"இன்னும் இல்ல. திலகா, காலையில மிளகுக்கு ஏதாவது குடுத்தியா?"

"நீங்கதான் சாப்பாடு கூடாதுன்னுட்டீங்களே. ஒண்ணும் குடுக்கல."

"தயிர்?"

அந்தப் பக்கம் தெருவில் காய்கறி வண்டிக்காரனின் ஒலிபெருக்கி தக்காளி என்றது.

"அது சாப்பாடு இல்லீங்க. கெளம்பறதுக்குக் குடுக்கறது."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி. விரல்ல எடுத்து எடுத்து வெச்சேன், நல்லா நக்கிக்கிச்சு." பிறகு, கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிறவள்போல, "நான் போறப்ப ஒண்ணுமில்லாமதான் போனேன். அதையும் அப்பிடி அனுப்ப வேணாம்னு பாத்தேன்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் அருங்காட்சியகக் குரல் கிளம்பிவிட்டது, அது கிளம்பினால் பெட்டியில் இருப்பதை எல்லாம் சொல்லி முடித்துத்தான் நிற்கும். மயக்க மருந்து கொடுத்தவுடன் தொண்டைத் தசை தளர்ந்துவிடும் என்று சொன்னேன், வயிற்றில் இருப்பது மேலே வரும் என்று சொன்னேன், அது மூச்சுக்குழாயில் இறங்கும், நுரையீரலில் போகும், இருமக்கூட முடியாது என்று சொன்னேன், பிஸ்கட் தின்ற நாயைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றிலும் பிழை கிடையாது.

"போதுங்க," என்றாள் திலகவதி. "போயி சொல்லுங்க. உடனே சொல்லுங்க." வைத்துவிட்டாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு மணமகள் அறைக் கதவைத் தட்டினேன். ஷகிலா திறந்தாள். ஒரு கரண்டித் தயிர் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்து, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். "யாரு சார், நீங்களா?" நான்தான். "பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க." இருக்கிறேன் என்றேன். "காலையில அத்தன தடவ கேட்டேன், எனக்குத் தெரியும் தெரியும்னீங்க." உள்ளேயிருந்து டாக்டர் பச்சைத் தொப்பியோடு எட்டிப் பார்த்தாள், சின்னப் பெண், முகக்கவசத்துக்கு மேலே தூக்கமில்லாத கண்கள். "எப்ப சார் குடுத்தீங்க?" விடியும்போது. அவள் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "சரி, கடைசில எடுத்துக்கறேன். சாயங்காலம் ஆயிடும், இருப்பீங்களா? இப்பவாவது சொன்னீங்களே, தேங்க்ஸ்." யாரும் என்னைத் திட்டவில்லை, அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தேன், பின்னால் இருந்தவர்களெல்லாம் எனக்கு முன்னால் போனார்கள், ஒரு கிழட்டு பொமரேனியன், கோணிப்பையில் வந்த ஒரு கடுவன், பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் தூக்கிவந்த மூன்றுகால் நாய், கதவு பொத் என்று மூடும், திறக்கும், மூடும். பிலோமினா சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைக் காகிதத்தின் மேல் ஜிம்மியின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு கையால் அதற்கு விசிறிக்கொண்டு மறு கையால் எனக்கு ஒரு இட்லிப் பொட்டலத்தை நீட்டினாள், "சாப்புடுங்க சார், ஒங்களுக்கு யாரும் பட்டினி போடச் சொல்லல." மிளகுக்கு முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருந்தது, கூடையைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். பூனைக்கு வாசனை பின்பக்கமாகவும் வரும் என்பது எனக்குத் தெரியும். பிறகு அவர்கள் வந்து கூடையை வாங்கிக்கொண்டார்கள். கூடை போனபின் மடியில் அதன் ஓட்டைகள் அச்சாகப் பதிந்திருந்தன, வேட்டியில் வட்ட வட்டமாக, அதை எண்ணக்கூடாது என்று பிடிவாதமாக எண்ணாமல் இருந்தேன், ஒருமுறை ஷகிலா வெளியே வந்து பஞ்சு எடுத்துக்கொண்டு போனாள், எதற்கு இவ்வளவு பஞ்சு, பாடம் செய்யும்போதுதான் அவ்வளவு, மேடைச் சுவரில் அந்த மாப்பிள்ளை பெயர் ஆடிக்கொண்டே இருந்தது, விழும் விழும் என்று பார்த்தேன், விழவில்லை, வெளியே வெளிச்சம் மஞ்சளாகி ஓட்டுக்கூரையில் அணில் ஓடும் சத்தம் நின்று, கதவு திறந்து, டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாள், அவளுக்குக் கன்னத்தில் பரு இருந்தது.

மிளகு நாக்கு நுனி வெளியே தெரியப் படுத்திருந்தாள், வயிற்றில் மயிர் மழித்த இடம் குழந்தைத் தோலாக இருந்தது, அதன் நடுவில் இரண்டு மூன்று தையல். தொட்டேன், சூடாக இருந்தாள்.

வீட்டில் திலகவதி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கூடையை அவிழ்த்து, மிளகை மடியில் போட்டுக்கொண்டு, மூக்கின்மேல் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். விரலை எடுத்தபின் மறுபடி வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக நடந்தது, ஒரு கரண்டியால் ஒன்றும் ஆகியிருக்காது, சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தான் என்று நான் சொன்னேன். சரிங்க என்றாள்.

மறுவாரம் நான் ஓய்வூதியக் கருவூலத்துக்குக் கிளம்பினேன். ஒரு செருப்பு நிலைக்கதவின் பின்னால் இருந்தது, எடுத்து மாட்டிக்கொண்டு படியில் நின்றேன். திலகவதி வெறுங்கையோடு வாசல்வரை வந்தாள், மிளகு அவள் காலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இன்னும் கொஞ்சம் நின்றேன்.

"வெயிலா இருக்கு, குடை எடுத்துக்குங்க," என்றாள்.

குடையை எடுத்துக்கொண்டேன்.